அப்பாவின் தோளுக்கு வெட்டிய கட்டை

அன்று பலெர்மோவில், துப்பாக்கி விற்கிற அந்தத் துவக்குக் கடையில் நின்றவர்கள் நாலு பேர்: அப்பா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, அப்பா, நான், துவக்குக்கு மரக்கட்டை வெட்டுகிற கட்டைவேலைக்காரர். நிற்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிஞ்ஞோராவின் கணவர். வாங்கப் போன சாமான் அவருக்குத்தான், ஆனால் அவருக்குத் தெரியக்கூடாது. மற்றது அம்மா. அம்மா அந்த நேரம் பொலிதேயாமா அரங்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தின் மாடிப்படிகளைக் கழுவிக்கொண்டிருந்தா. அம்மா வந்திருந்தால் உண்மை அந்த இடத்திலேயே வெளியில் வந்திருக்கும். அதனால்தான் அப்பா அம்மாவுக்கு லீவு இல்லாத நாளாகப் பார்த்துச் சிஞ்ஞோராவிடம் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

சிஞ்ஞோராவின் கணவர் வழக்கறிஞர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் அப்புக்காத்து. தை மாதம் அவருக்கு எழுபது வயது. அது முடிய, சித்திரையில் அமெரிக்காவில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய், மச்சானோடு காட்டுக்குள் இருந்து வான்கோழி சுட வேண்டும் என்பது அவருடைய கனகாலத்து ஆசை. அவரிடம் இருந்த துவக்கு முயலுக்கும் புறாவுக்கும் வாங்கியது. தோளில் முட்டுகிற அதன் பின்கட்டை நேரானது, பிடிக்கிற இடத்தில் வளைவு கிடையாது. வான்கோழிக்கு அது சரிவராது, பிஸ்டல் பிடி வைத்த கட்டை போடு என்று மச்சான் ரெலிபோன் ஸ்பீக்கரில் சொல்ல, சிஞ்ஞோரா பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறா. பிறந்தநாள் பரிசு அப்போதே முடிவாகிவிட்டது.

துவக்கைத் தெருவால் கொண்டுபோக உரிமம் வேண்டும், கட்டையை வாங்க வேண்டியதில்லை. எந்த மாதிரித் துவக்கு என்பது அதை விற்ற கடைக்குத் தெரியும். ஒரே ஒரு பிரச்சினை, கட்டையை ஆளின் உடம்புக்கு அளந்து வெட்ட வேண்டும். உடம்பைக் கூட்டிப்போனால் பரிசில் இரகசியம் இல்லை. சிஞ்ஞோராவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. அவவுக்கு இன்னொரு உடம்பு கைவசம் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பதினொரு வருடமாக அப்பா போட்டது எல்லாம் அப்புக்காத்தின் உடுப்பு. வருடத்துக்கு இரண்டு தரம் சிஞ்ஞோரா அலுமாரியை ஒதுக்கி, பழைய கோட்டுகளை ஒரு பையில் போட்டுத் தருவா. தையற்காரனிடம் கொடுக்கத் தேவையில்லை. தோள், கை, நீளம் எல்லாம் அச்சாகப் பொருந்தும். பாலாறோ சந்தைக்கு மீன் வாங்க அப்பா சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டோடு போவார். மீன்காரன் அவரைப் படித்த பெரிய மனிதர் என்று நினைத்து "தொத்தோரே" என்று கூப்பிட்டுக் கூடுதல் விலை சொல்லுவான். நான் இங்கே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது, அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டதும் அந்தக் கோட்டோடுதான். வாசலில் நின்ற வாத்தியார் அவருக்குக் கைகொடுத்தார், பிறகு அவருடைய இத்தாலியனைக் கேட்டதும் என்னைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்.

கோட்டு மறைத்தது ஒன்று உண்டு. ஊரில் கடைசி யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடும்போது விழுந்து வெடித்த எறிகணைச் செல்லின் ஒரு துண்டு அப்பாவின் வலது தோளுக்குப் பின்னால் ஏறியது. துண்டை எடுத்தார்கள், தோள் சரிவரவில்லை. வலது கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க மாட்டார். முன்னால் நீட்டினாலும் முக்கால்வாசியில் நின்றுவிடும். சிஞ்ஞோரா வீட்டுத் திரைச்சேலைகளை அவர் ஏணியில் இரண்டு படி கூடுதலாக ஏறி இடது கையால் மாட்டுவார். சிஞ்ஞோரா தன் சிநேகிதிகளுக்கு "எங்கட ஆள் இடக்கைக்காரன், வீட்டுக்கு அதிஷ்டம்" என்று சொல்லுவாவாம். அப்பா ஓம் சிஞ்ஞோரா என்பார்.

பலெர்மோவுக்கு வந்த எங்கள் ஆட்கள் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது: ஏலாது என்று வாயால் சொல்லாதே. முதுகு நோகுதா, சொல்லாதே. கண் மங்குதா, சொல்லாதே. காயம் என்றால் சொல்லவே வேண்டாம். எந்தக் காயம், எப்படி வந்தது, எந்தப் பக்கம் நின்றாய் என்று கேள்வி வளரும். எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். கூட்டித் துடைக்கிற ஆளின் உடம்பைப்பற்றி ஒரு வீட்டுக்காரரும் கேட்டதும் இல்லை.

கடைக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக் குசினியில் இந்தக் கதைதான்.

"வான்கோழி சுட அமெரிக்காவுக்கோ?" என்றா அம்மா, வெங்காயம் வெட்டியபடி. "கீழை கோழிக்கடைக்காரனிட்டைச் சொன்னா உரிச்சு, வெட்டி, உறையிலை போட்டுத் தருவானே."

"அது ஆசையப்பா. காசு உள்ளவைக்கு ஆசை தூரத்திலைதான் இருக்கும்" என்றார் அப்பா.

"இருக்கட்டும். உங்களை ஏன் இழுக்கிறா? கையைப் பற்றிச் சொல்லுங்கோவன். பதினொரு வருசம் உழைச்சுக் குடுத்தாச்சு. இனி என்ன பயம்?"

அப்பா என்னைப் பார்த்தார். "தம்பி, இஞ்சை இருக்க விட்ட பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?"

"வைகாசி."

"கேட்டீரோ? மூண்டு பேரின்ரை பெர்மெஸ்ஸோவும் அந்த வீட்டு வேலைக் கொன்றாத்திலைதான் நிக்குது. உம்முடைய படிக்கட்டு வேலைக்குக் கடதாசி இல்லை, இவன் படிக்கிறான். வைகாசி வரும் மட்டும் எனக்கு ரெண்டு கையும் வேணும்."

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாம் வருடம். எங்கள் குடும்பத்தில் ஏழாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இரண்டு நாளாகத் துவக்குக் கட்டைகளைப்பற்றி இணையத்தில் இருந்தது எல்லாம் வாசித்து முடித்திருந்தேன். "வெறும் அளவுதானேயம்மா. ஒரு பத்து நிமிசம். நான் கதைச்சுச் சமாளிக்கிறன்" என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "ஓமோம். நீ கதைப்பாய்."

கடை பொலிதேயாமாவுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. கட்டைவேலைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் கண்ணாடி, விரல் இடுக்கெல்லாம் மரத்தூள். அளவெடுப்பதற்கென்றே ஒரு துவக்கு வைத்திருந்தார். அது சுடாது. அதன் கட்டையில் திருகுகள் இருந்தன. திருகினால் நீளும், குறுகும், உயரும். என்ரை மனிசன் வலக்கைக்காரன், வலது தோளுக்கு அளவெடுங்கோ என்று சிஞ்ஞோரா சொல்ல, அதை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வாழ்க்கையில் துவக்கைத் தொட்டவர் அல்ல. துவக்கு நீட்டப்பட்ட பக்கத்தில் நின்றவர். வாங்கும்போது உள்ளங்கையைக் கோட்டில் துடைத்தார்.

"கூட்டுற தும்புத்தடி மாதிரிப் பிடிக்கிறான்" என்றார் கட்டைவேலைக்காரர்.

"அதுதானே அவனுக்குத் தெரிஞ்சது" என்று சிஞ்ஞோரா சிரித்தா. கெட்ட மனத்தோடு சொன்ன பகிடி இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கூடக் கசக்கிறது.

முதலில் நேர்க் கட்டை. அதைப் பிடித்தால் மணிக்கட்டை முறுக்கி, முழங்கையைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும். அப்பாவின் முழங்கை எழும்பவில்லை. பிறகு பாதி வளைவு. அதிலும் கொஞ்சம்தான். மூன்றாவது முழுப் பிஸ்டல் பிடி. பிடி கீழ்நோக்கி இறங்கியிருக்கும், கை குலுக்குவது போலப் பிடிக்கலாம், முழங்கை விலாவோடு கிடந்தால் போதும். அப்பாவின் முகம் அப்போதுதான் இளகியது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வான்கோழிக்கு மரத்தடியில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் துவக்கை வைத்து, மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும், அசைந்தால் பறவை கண்டுவிடும், பிஸ்டல் பிடி என்றால் பாரம் உள்ளங்கைக்கு இறங்கும், மணிக்கட்டு களைக்காது என்று வாசித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். கட்டைவேலைக்காரர் தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்லுறான். வேட்டைக்காரனா?"

"பொறியியல் படிக்கிறான்" என்றா சிஞ்ஞோரா. "எங்கட வீட்டுப் புரொபெஸ்ஸோரே." அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. துவக்கு கையில் இருந்ததை அந்த ஒரு நிமிடம் மறந்திருப்பார்.

கட்டைவேலைக்காரர் மட்டும் அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் விசையை எட்டவில்லை. ஒரு திருகு குறைத்தார். இன்னும் எட்டவில்லை. இன்னொரு திருகு. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "உங்கட அப்பாவுக்குத் தோளிலே ஏதும் பழைய காயம் இருக்குதா? இவ்வளவு உயரமான ஆளுக்கு இவ்வளவு குட்டையாக நான் வெட்டினதில்லை."

அப்பாவுக்குக் கேள்வி விளங்கியது. பதினொரு வருட இத்தாலியன் அவ்வளவுக்குக் காணும். ஆனாலும் நான் மொழிபெயர்க்கட்டும் என்று காத்து நின்றார். பிறகு தமிழில், சிரித்த முகத்தோடு, "இல்லை எண்டு சொல்லு தம்பி" என்றார்.

"இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "துவக்கெண்டா அப்பாவுக்குப் பயம், அதுதான் கூனிப் போய் நிக்கிறார்" என்று என் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தேன். சிஞ்ஞோரா சிரித்தா. கட்டைவேலைக்காரர் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார், பயந்தவர் மாதிரித் தோளைக் குலுக்கிக் காட்டினார், இடது தோளை.

"உங்கட கணவரும் இந்த அளவுதானா சிஞ்ஞோரா?"

"ஒரு நூல் வித்தியாசம் இல்லை. கோட்டுக் கை கூட மடிக்கிறதில்லை."

"அப்படியெண்டாலும் யோசியுங்கோ. கறுப்புப் பிளாஸ்டிக்கிலே ஒண்டு இருக்கு, பிறகு நீட்டலாம், குறைக்கலாம், விலையும் பாதி. மரத்தை வெட்டினால் வெட்டினதுதான்."

"என்ரை மனிசன் பிளாஸ்டிக் தூக்க மாட்டார்" என்றா சிஞ்ஞோரா. வால்நட் மரத்தில், கரும்பழுப்பு ரேகை ஓடிய ஒரு துண்டைத் தானே தெரிந்தெடுத்தா.

கட்டைவேலைக்காரர் கடைசியாக என்னிடம்தான் கேட்டார். "நிச்சயமா?"

பொறியியல் மாணவன் நான். அளவு பிழைத்தால் என்ன நடக்கும் என்றும் வாசித்திருந்தேன்: கட்டை குட்டையாக இருந்தால் பிடிக்கிற கையின் பெருவிரல் மூக்குக்குக் கிட்ட வரும், பின்னுதை அதைக் கொண்டுபோய் முகத்தில் இடிக்கும். அதுவும் வான்கோழித் தோட்டா பாரமானது. எல்லாம் தெரிந்துதான் "நிச்சயம்" என்றேன். வழமையான நீளத்தில் இருந்து மூன்றரைச் சென்ரிமீற்றர் குறைத்து வெட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது, "அப்பா, அந்தாளுக்கு அது பொருந்தாது" என்றேன்.

"பொருந்தாட்டி மாத்துவினம் தம்பி. அவையிட்டைக் காசு இருக்கு."

"அடிபட்டா?"

"வைகாசி வரும் மட்டும்தானே" என்றார்.

பிறந்தநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பாதான் பரிமாறினார். கட்டையைப் பட்டுக் கடதாசி பிரித்துக் கண்டதும் அப்புக்காத்துக்குக் கண் கலங்கியதாம். யாரை வைத்து அளந்தது என்று சிஞ்ஞோரா சொல்ல, எழும்பி வந்து விருந்தாளிகளுக்கு முன்னால் அப்பாவைக் கட்டிப்பிடித்து, "எனக்கொரு இரட்டைச் சகோதரன் இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறான்" என்றாராம். அப்பா அதை வீட்டில் வந்து இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லும்போது அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு, அப்புக்காத்து புதுக் கட்டையைப் பூட்டிக்கொண்டு சூட்டுப் பயிற்சி நடக்கிற இடத்துக்குப் போனார். இரண்டு வெடி. முதல் வெடியில் பெருவிரல் முட்டி மூக்கில் பட்டிருக்கிறது. பரிசு வாங்கித் தந்த மனைவி பார்த்துக்கொண்டு நின்றதால், சரியாகப் பிடிக்காதது தன்னுடைய பிழை என்று இரண்டாவதையும் வெடித்தார். மூக்கெலும்பு உடைந்தது. இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்துப்போனது. இரண்டு மாதத்துக்குத் துவக்கைத் தொட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வான்கோழிப் பருவம் அவருக்காகக் காத்திருக்காது.

கடைக்கு ரெலிபோன் போனது. காட்டின தோளுக்குத்தான் வெட்டினேன், தோளில் காயமா, நிச்சயமா என்று இரண்டு தரம் கேட்டும் இருந்தேன் என்று கட்டைவேலைக்காரர் சொல்லியிருக்கிறார். உண்மை.

அடுத்த நாள் என்னையும் வரச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் கட்டை கிடந்தது. அப்புக்காத்தின் மூக்கில் வெள்ளைக் கட்டு. கத்தவில்லை. நீதிமன்றத்தில் கேள்வி கேட்கிற குரலில் அப்பாவிடம், "வலது கையைத் தூக்கு" என்றார்.

அப்பா தூக்கினார்.

"இன்னும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"எப்போ இருந்து?"

"இஞ்சை வர முதல், ஊரிலை" என்றேன் நான், அவருக்குப் பதிலாக. யுத்தம், செல் என்று இத்தாலியனில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல இத்தாலியன், ஒரு வினையும் பிழைக்கவில்லை.

"பதினொரு வருசம் என்ரை வீட்டுக்குள்ளே பொய்" என்றா சிஞ்ஞோரா. அவ அழுதுகொண்டிருந்தா. "மூக்குப் போகட்டும். நாங்கள் உன்னை வீட்டாளாகத்தானே வைச்சிருந்தனாங்கள்? ஏன் சொல்லேல்லை?"

அப்பா அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்டார். தன்னுடைய உடைந்த இத்தாலியனில். "சிஞ்ஞோரா, திரைச்சேலை எப்பவாவது விழுந்ததோ?"

நான் முன்னால் வந்து, கடையில் இல்லை என்று சொன்னது நான்தான், அப்பா அல்ல என்றேன். சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்த்தா. "உனக்குத் தெரியும். வாசிச்சிருக்கிறாய். படிச்ச பிள்ளை."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அவர்கள் அப்பாவைத் தெருவில் தள்ளவில்லை. அப்படிச் சொன்னால் அது என்னுடைய இன்னொரு பொய்யாகும். அறிவித்தல் கொடுத்தார்கள், நாள் கொடுத்தார்கள், நல்ல ஆள் என்று கடிதமும் கொடுத்தார்கள். வேலை சித்திரையோடு முடிந்தது. வைகாசியில் பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் வரிசையில் நின்றபோது கொன்றாத்து என்ற இடத்தில் வைக்க எங்களிடம் கடதாசி இல்லை. வேலை தேடுகிறவர் என்று அப்பாவுக்கு ஒரு வருடத்துக்கு மட்டும் பெர்மெஸ்ஸோ கொடுத்தார்கள், எங்கள் இருவருக்கும் அதே ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்குள் ஒரு கொன்றாத்து வேண்டும். அப்பா இப்போது வுச்சீரியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானத்தில் கோப்பை கழுவுகிறார், கடதாசி இல்லாமல். நான் விரிவுரைகளை விட்டுவிட்டுப் பொதிகள் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சோதனைக்குப் பெயர் கொடுக்கவில்லை.

கணக்கு முடிக்கிற நாள், கணக்காளரிடமிருந்து ஒரு தாள் வந்தது. பதினொரு வருடச் சேவைப் பணம், எடுக்காத லீவு, எல்லாம் சதம் பிசகாமல் எழுதியிருந்தது. கீழே ஒரு வரி கழித்திருந்தார்கள்: வேட்டைத் துவக்குப் பின்கட்டை, வால்நட், பிஸ்டல் பிடி. அப்படிக் கழிக்க ஏலாது, சட்டம் விடாது, தொழிற்சங்கத்துக்குப் போவோம் என்று நான் துள்ளினேன்.

"அவையின்ரை கடிதம் வேணும் தம்பி, அடுத்த வேலைக்கு" என்றார் அப்பா. இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போட்டார். மேசை உயரம் என்றபடியால் கை எட்டியது.

காசைக் கழித்தபடியால் கட்டை எங்களுடையது என்று சிஞ்ஞோரா அதையும் ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தா, வழமையாகக் கோட்டு அனுப்புகிற அதே மாதிரிப் பை. அம்மா அதைப் பிரித்து, மரத்தைத் தடவிப் பார்த்து, அப்பாவின் தோளில் முட்ட வைத்தா. அப்பாவின் கை தானாகப் பிடிக்குப் போனது. முழங்கை விலாவோடு கிடந்தது, விசை இருக்க வேண்டிய இடத்தில் விரல் போய் நின்றது. அச்சாகப் பொருந்தியது.

"இத்தாலிக்கு வந்து உங்களுக்கெண்டு அளவெடுத்துச் செய்தது இது ஒண்டுதான்" என்றா அம்மா.

அது இப்போது எங்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. பூட்ட எங்களிடம் துவக்கு இல்லை, விற்கப் போனால் இந்த நீளத்துக்கு ஆள் இல்லை. தாளில் அந்த வரிக்கு நேரே இருந்த தொகை எழுநூற்று நாற்பது யூரோ.